"வாறேன்னு சொன்னாவ" – இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றுகிற விதியெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். வாக்கியத்தைக் கொடுத்தால் மட்டும் ஒன்று விட்டு ஒன்று தப்பாகிறது. "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. நானே பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஏதாவது வழி உண்டா?" என்பது அவர் கேள்வி.

உண்டு. அதற்கு உங்கள் தமிழே போதும். பிள்ளையை வழுக்கி விடுவதும் அதே தமிழ்தான் என்பதால், முதலில் எங்கே வழுக்குகிறது என்று பார்த்துவிடுவோம்.

டிகிரி முடித்த புதிதில் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வடக்கே இருந்து ஒருவர் மேலாளரைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். மேலாளர் போனில் கூப்பிட்டு, இன்று வர முடியாது, நாளைக்கு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிடு என்றார். நான் மிடுக்காகப் போய் நின்று, "சார் செட் ஐ கான்ட் கம் டுடே, ஐ வில் கம் டுமாரோ" என்றேன். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பட் யூ ஆர் ஆல்ரெடி ஹியர்" என்றார். நீதான் இங்கேயே நிற்கிறாயே, நாளைக்கு எதற்கு வரப்போகிறாய் என்று அர்த்தம்.

நான் செய்தது என்ன? மனசுக்குள் "சார் நாளைக்கு வாறேன்னு சொன்னாரு" என்று தமிழில் ஓடியதை வார்த்தை வார்த்தையாக இங்கிலீஷில் இறக்கி வைத்துவிட்டேன். "வாறேன்" என்பது தன்மை வினை, "நான்" என்று சொல்கிறவன் பேசுகிற வினை. ஆனால் தமிழில் கேட்கிற எவருக்கும் குழப்பம் வராது. "-ன்னு" என்று ஒன்று பின்னால் ஒட்டிவிட்டால், அதற்கு முன்னால் உள்ளது அடுத்தவர் வாய்ப் பேச்சு என்று நம் காது பிரித்துக்கொள்ளும். "என்று" என்ற அந்தச் சொல்லே "என்" என்ற வினையிலிருந்து வந்தது. "என்றான்" என்றால் சொன்னான். அதனால் நாம் அடுத்தவர் பேச்சைத் தொடாமல், ஆளையும் காலத்தையும் மாற்றாமல், அப்படியே பொட்டலம் கட்டி "என்று" என்ற நூலால் முடிந்து கொடுத்துவிடுகிறோம். மலையாளமும் இதையேதான் செய்கிறது. "வராம் என்னு பறஞ்ஞு" என்பார்கள். கேரள எல்லையோரம் இருக்கிற விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் காதில் விழும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டுமே கை கொடுக்காது.

இங்கிலீஷ் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்கிறது. மேற்கோள் குறி போய்விட்டால் உள்ளே இருந்த ஆளின் குரலும் போய்விட்டது. இனி பேசுவது நீங்கள். நீங்கள் நிற்கிற இடம், உங்கள் நேரம், உங்கள் கண் – இதை வைத்துத்தான் எல்லாச் சொல்லையும் அளக்க வேண்டும். நோட்டில் இருக்கிற விதிகளில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்து கிளம்பி வந்தவைதான்.

சரி, அப்படி அளந்து சொல்வதற்குத் தமிழில் வழி இல்லையா? இருக்கிறது. உங்கள் மகளின் தமிழ் இலக்கணத்தில் நேர்க்கூற்று, அயற்கூற்று என்று படித்திருப்பாள். நான் என்பது தான் ஆகும், இது என்பது அது ஆகும், இன்று அன்று ஆகும், நாளை மறுநாள் ஆகும், இங்கு அங்கு ஆகும் என்று வரும். நேர்க்கூற்றை அயற்கூற்றாக்கும்போது "வருவேன் என்றான்" என்பது "தான் வருவதாகக் கூறினான்" என்று மாறும். இந்த "-ஆக" இருக்கிறதே, அதுதான் நமக்குப் பாலம். பொட்டலம் பிரிந்துவிட்ட தமிழ் அது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை, பத்திரிகைச் செய்தியிலும் தமிழ்ப் பரீட்சையிலும்தான் அது புழங்குகிறது. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே பிள்ளை நேராக இங்கிலீஷுக்குத் தாவ வேண்டாம். நடுவில் ஒரு படி வைத்துக்கொள்ளட்டும்: "வாறேன்னு சொன்னாவ", அடுத்து "வருவதாகச் சொன்னார்", அப்புறம் "ஹி செட் தட் ஹி வுட் கம்". அந்த நடுப்படியில் நீங்கள் உட்கார்ந்துகொள்ளலாம். அதற்கு இங்கிலீஷ் தேவையில்லை.

ஒரு போன் பேச்சை எடுத்துக்கொள்வோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதி வீட்டுக்கு இது பழக்கமானதுதான். அப்பா வளைகுடாவில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகளிடம் போனில் பேசுகிறார். "ஐ ஹேவ் சென்ட் த மணி. ஐ வில் கால் யூ டுமாரோ." வெள்ளிக்கிழமை பாட்டி வந்து, அப்பா என்ன சொன்னாவ என்று கேட்கிறார். மகள் வீட்டுத் தமிழில், "பைசா அனுப்பியாச்சாம், நாளைக்கு விளிக்கேன்னு சொன்னாவ" என்பாள். அந்த "நாளைக்கு" சனிக்கிழமையைக் குறிக்கவில்லை, போன புதன்கிழமையைக் குறிக்கிறது என்பது பாட்டிக்கு விளங்கும். நடுப்படிக்கு வந்தால்: "தான் பணம் அனுப்பிவிட்டதாகவும், மறுநாள் என்னை அழைப்பதாகவும் அப்பா சொன்னார்." இப்போது இங்கிலீஷ்: "அப்பா டோல்ட் மீ தட் ஹி ஹேட் சென்ட் த மணி அண்ட் தட் ஹி வுட் கால் மீ த நெக்ஸ்ட் டே."

ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். "ஐ" போய் "ஹி" வந்தது, ஏனென்றால் இப்போது பேசுவது அப்பா இல்லை. "யூ" போய் "மீ" வந்தது. அப்பாவுக்கு எதிரே இருந்தவள் இவள்தான். "டுமாரோ" போய் "த நெக்ஸ்ட் டே" வந்தது, இன்று வெள்ளிக்கிழமை. இது மூன்றையும் தமிழ் நடுப்படியே செய்து கொடுத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: "ஹேவ் சென்ட்" என்பது "ஹேட் சென்ட்" ஆனதும், "வில்" என்பது "வுட்" ஆனதும். இதைத் தமிழ் செய்யாது. "அழைப்பதாகச் சொன்னார்" என்பதில் அழைப்பது, அவர் சொன்ன நேரத்திலிருந்து பார்த்தால் வரப்போகிற காரியம். தமிழ் அந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறது. இங்கிலீஷ், சொன்னதே நேற்றைய கதை ஆகிவிட்டதால் உள்ளே இருப்பதையும் ஒரு படி பின்னுக்கு இழுக்கிறது. முன்னால் போகிற வள்ளத்தில் கயிறு கட்டிய சின்ன வள்ளம் மாதிரி: "செட்" இறந்த காலத்துக்குப் போனால் பின்னால் கட்டியதும் அங்கேதான் போகும்.

அதனால் பிள்ளைக்கு விதி ஒப்பிக்கக் கொடுப்பதைவிட, தமிழ் வால்களையும் இங்கிலீஷ் வினைகளையும் ஜோடி சேர்த்துக் கொடுங்கள். "இருப்பதாக" என்றால் "வாஸ்". "வந்துகொண்டிருப்பதாக" என்றால் "வாஸ் கமிங்". "வந்ததாக", "வந்துவிட்டதாக" இரண்டுமே "ஹேட் கம்". "வரப்போவதாக", "வருவதாக" என்றால் "வுட் கம்". "வர முடியும் என்று" வந்தால் "குட் கம்". "வர வேண்டியிருப்பதாக" என்றால் "ஹேட் டு கம்". ஒரே ஒரு எச்சரிக்கை: "வருவதாக" என்பது தினமும் வருவதையும் குறிக்கும், இனி வரப்போவதையும் குறிக்கும். அங்கே மட்டும் மூல வாக்கியத்தை ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். "கம்ஸ்" என்று இருந்தால் "கேம்", "வில் கம்" என்று இருந்தால் "வுட் கம்".

வுட், குட், ஷுட், மைட் என்று ஏற்கெனவே உள்ளே கிடந்தால் தொடவே வேண்டாம். அவை முதலிலேயே பின்படியில் நிற்பவை, இன்னும் இழுக்க இடம் இல்லை. "ஹேட் கம்" என்று இருப்பதும் அப்படித்தான்.

இனி, மாறாத இடங்கள். இதில்தான் நல்ல பிள்ளைகளும் மார்க்கை விடுகிறார்கள், ஏனென்றால் விதி கையில் இருக்கிற வேகத்தில் எல்லாவற்றையும் மாற்றித் தள்ளிவிடுவார்கள்.

முதலாவது, வெளியே உள்ள வினை நிகழ்காலமாகவோ எதிர்காலமாகவோ இருந்தால் காலம் மாறாது. "ஷி செஸ், 'ஐ ஆம் ஹங்ரி'" என்பது "ஷி செஸ் தட் ஷி இஸ் ஹங்ரி". முன்வள்ளம் நகரவில்லை, பின்வள்ளமும் நகரவில்லை. ஆள் மட்டும் மாறுகிறது.

இரண்டாவது, எப்போதும் உண்மையாக இருப்பது. "த சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்" என்று டீச்சர் சொன்னால் "ரைசஸ்" அப்படியே நிற்கும். இதற்கு நான் கன்னியாகுமரிக் கடற்கரையையே காட்டுவேன். அங்கே படகில் வழிகாட்டி ஒருவர் சுற்றுலா வந்தவர்களிடம், "த ஸ்டாச்சு இஸ் 133 ஃபீட் ஹை" என்று திருவள்ளுவர் சிலையைக் காட்டிச் சொல்கிறார் என்று வையுங்கள். 2000 ஜனவரி 1-ம் தேதி திறந்த சிலை, இன்றைக்கும் 133 அடிதான். அதனால் ஊருக்குப் போய் எழுதுகிறவர் "ஹி செட் தட் த ஸ்டாச்சு இஸ் 133 ஃபீட் ஹை" என்றாலும் சரி, "வாஸ்" என்றாலும் சரி. அதே வழிகாட்டி 2024 நடுவில், "தே ஆர் பில்டிங் எ கிளாஸ் பிரிட்ஜ்" என்று சொல்லியிருப்பார். விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே அந்தக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ம் தேதி திறந்தாகிவிட்டது. இப்போது அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவர் "தே ஆர் பில்டிங்" என்று எழுத முடியாது; "ஹி செட் தட் தே வெர் பில்டிங் எ கிளாஸ் பிரிட்ஜ்" என்றே எழுத வேண்டும். ஒரே ஆள், ஒரே படகு, இரண்டு வாக்கியம். ஒன்று இன்னும் உண்மை, இன்னொன்று முடிந்த கதை. இந்த ஜோடியை வகுப்பில் சொன்ன பிறகு இந்த விதியை நான் யாருக்கும் இரண்டாம் தடவை விளக்கியதில்லை.

மூன்றாவது, தேதி போட்ட சரித்திரம். தாத்தா, "அவர் டிஸ்ட்ரிக்ட் ஜாய்ண்ட் மெட்ராஸ் ஸ்டேட் இன் 1956" என்று சொன்னால், "தாத்தா செட் தட் அவர் டிஸ்ட்ரிக்ட் ஜாய்ண்ட் மெட்ராஸ் ஸ்டேட் இன் 1956" என்று விட்டுவிடலாம். 1956 நவம்பர் 1 என்ற நாள் எங்கும் ஓடிப்போகாது, "ஹேட் ஜாய்ண்ட்" என்று அதை இன்னும் பின்னுக்குத் தள்ள அவசியமில்லை. "நம்முடைய" என்கிற அந்த இங்கிலீஷ் "அவர்" என்பதும் ஏன் மாறவில்லை என்று மகள் கேட்டால் நல்ல கேள்வி. எழுதுகிறவளும் இந்த மாவட்டத்துக்காரிதானே. திருநெல்வேலிக்காரி எழுதினால் "தேர் டிஸ்ட்ரிக்ட்" ஆகியிருக்கும்.

இதே காரணத்தால்தான் இன்று, நாளை, இங்கு, அங்கு பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது என்பேன். அப்பா காலையில் "ஐ வில் கால் யூ டுமாரோ" என்று சொன்னதை அன்றைக்கு மத்தியானமே பாட்டியிடம் சொன்னால், நாளை நாளையாகத்தான் இருக்கிறது. "ஹி செட் தட் ஹி வுட் கால் மீ டுமாரோ" முழுக்கச் சரி. ஆனால் பரீட்சைத் தாளில் எப்போது, எங்கே திருப்பிச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்காது. அதனால் அங்கே நாளாகிவிட்டது, இடம் மாறிவிட்டது என்றே வைத்துக்கொண்டு "த நெக்ஸ்ட் டே", "த பிரீவியஸ் டே", "தட் டே", "தென்", "தேர்" என்று மாற்றிவிடுவது நல்லது. "த்ரீ டேஸ் அகோ" இருந்தால் "த்ரீ டேஸ் பிஃபோர்". திருத்துகிறவர் தேடுவது அதைத்தான்.

ஆள் மாற்றத்துக்கு டியூஷன்களில் "எஸ் ஓ என்" என்று ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுப்பார்கள். மேற்கோளுக்குள் இருக்கிற தன்மை, வெளியே உள்ள எழுவாயைப் பிடித்துக்கொள்ளும், முன்னிலை, வெளியே உள்ள செயப்படுபொருளைப் பிடித்துக்கொள்ளும், படர்க்கை மாறாது. தப்பில்லாத சூத்திரம். ஆனால் நான் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. யார் வாய், யார் காது என்று இரண்டு கேள்வி கேட்டாலே அது வந்துவிடும். "ரவி செட் டு மாலா, 'ஐ லைக் யுவர் பென்'" – வாய் ரவியுடையது, காது மாலாவுடையது. அதனால் "ரவி டோல்ட் மாலா தட் ஹி லைக்ட் ஹெர் பென்". இந்த இரண்டு கேள்வியையும் நீங்கள் தமிழிலேயே கேட்கலாம்.

"செட்", "டோல்ட்" பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழுக்கு இரண்டும் "சொன்னான்"தான், அதனால் இந்தத் தப்பு நம் ஊரில் பெரியவர்களுக்கும் வரும். "டோல்ட்" என்று எழுதினால் யாரிடம் என்பது உடனே பின்னால் வர வேண்டும்: "டோல்ட் மீ", "டோல்ட் ஹிம்". "செட்" என்று எழுதினால் ஆள் இல்லாமலே நிற்கும். "செட் மீ" என்பது கிடையவே கிடையாது. கேள்வித்தாளில் "செட் டு" என்று இருந்தால் "டோல்ட்" ஆக்கிவிடுங்கள். வெறும் "செட்" என்றால் "செட்" என்றே விடுங்கள்.

அடுத்தது கேள்வி வாக்கியங்கள். எனக்குத் தெரிந்து அதிக மார்க் போகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் வெளியூர்க்காரர் ஒருவர் உங்கள் மகளிடம், "வேர் டஸ் த தக்கலை பஸ் ஸ்டாப்?" என்று கேட்கிறார். வீட்டுக்கு வந்து சொல்கிறாள். பத்தில் ஏழு பிள்ளைகள் எழுதுவது இப்படி இருக்கும்: "ஹி ஆஸ்க்ட் மீ தட் வேர் டஸ் த தக்கலை பஸ் ஸ்டாப்?" இதில் மூன்று தப்பு. "தட்" வரக் கூடாது, "டஸ்" வரக் கூடாது, கேள்விக்குறி வரக் கூடாது. சரியானது: "ஹி ஆஸ்க்ட் மீ வேர் த தக்கலை பஸ் ஸ்டாப்ட்."

ஏன் தப்பு வருகிறது? தமிழில் கேள்வி கேட்க நாம் சொற்களின் வரிசையைப் புரட்டுவதே இல்லை. "பஸ் அங்கே நிக்கும்", "பஸ் எங்கே நிக்கும்" – வரிசை ஒன்றுதான். பின்னால் "-ன்னு கேட்டாரு" சேர்த்தாலும் அதே வரிசை. இங்கிலீஷில் கேள்வி கேட்பதற்காகவே ஒரு "டஸ்" கொண்டுவந்து முன்னால் போட்டு வரிசையைப் புரட்டுகிறார்கள். நான் அந்தக் கேள்வியைத் திருப்பிச் சொல்லும்போது யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். கேள்வி செத்துப்போன பிறகு புரட்டல் எதற்கு, "டஸ்" எதற்கு, கேள்விக்குறி எதற்கு? எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்கு வந்துவிட வேண்டும். "வேர்" என்ற சொல்லே இரண்டு பகுதியையும் ஒட்டிவிடுவதால் "தட்" என்ற பசை தேவையில்லை.

"ஆ" போட்டுக் கேட்கிற கேள்விகளுக்கு – வருவியா, சாப்பிட்டாயா, இந்த பஸ் குளச்சல் போகுமா – ஒட்டுவதற்கு "வேர்", "வென்" மாதிரி ஒரு சொல் கைவசம் இல்லை. அதனால் "இஃப்" அல்லது "வெதர்" போட்டு ஒட்டுகிறோம். "டஸ் திஸ் பஸ் கோ டு குளச்சல்?" என்பது "ஹி ஆஸ்க்ட் மீ இஃப் தட் பஸ் வென்ட் டு குளச்சல்" ஆகும். தமிழில் கடைசியில் "ஆ" வந்தால் "இஃப்". எங்கே, எப்போ, ஏன், யார், எப்படி என்று வந்தால் அந்தச் சொல்லே போதும். இதையும் நீங்கள் தமிழிலேயே சோதிக்கலாம். கேள்வியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், கடைசி எழுத்தைக் காதில் வாங்குங்கள்.

"ஹூ" மட்டும் கொஞ்சம் வேறு. "ஹூ கேம்?" என்பதில் "ஹூ"வே எழுவாய், முதலிலேயே எதுவும் புரளவில்லை; "ஷி ஆஸ்க்ட் ஹூ ஹேட் கம்" என்று காலம் மட்டும் மாறும்.

கட்டளைக்கு வந்தால் தமிழ் நமக்குப் பெரிய உபகாரம் செய்து வைத்திருக்கிறது. "போ என்று சொன்னார்" என்பதை நாம் "போகச் சொன்னார்" என்றும் சொல்வோம் இல்லையா? அந்தப் "போக" அப்படியே இங்கிலீஷின் "டு கோ". "அம்மா டோல்ட் மீ டு கோ." காலத் தொந்தரவே இல்லை. "போகாதே" என்றால் "போக வேண்டாம் என்று சொன்னார்": "டோல்ட் மீ நாட் டு கோ." "நாட்" முன்னால், "டு" பின்னால். "டோன்ட்" என்ற சொல் மறைந்துவிட வேண்டும். "டோல்ட் மீ டு டோன்ட் கோ" என்று எழுதிய தாளை நான் திருத்தியிருக்கிறேன்.

இதில் ருசியான பகுதி வினையைத் தேர்ந்தெடுப்பது. எல்லாவற்றுக்கும் "டோல்ட்" போட்டால் தப்பில்லை, ஆனால் சொன்னவரின் குரல் காணாமல் போகிறது. "ப்ளீஸ்" இருந்தால் "ரிக்வெஸ்டட்". டாக்டர் சொன்னால் "அட்வைஸ்ட்". போலீஸ்காரரோ அதிகாரியோ சொன்னால் "ஆர்டர்ட்". ஒக்கி புயல் வீசிய 2017-க்குப் பிறகு நம் கடற்கரைக் கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் "கடலுக்குப் போக வேண்டாம்" என்ற அறிவிப்பு இருக்கிறதே, அதற்குச் சரியான வினை "வார்ன்ட்": "தே வார்ன்ட் த ஃபிஷர்மென் நாட் டு கோ டு ஸீ." குரலில் இருந்த "ப்ளீஸ்", அதட்டல், கெஞ்சல் எல்லாம் மேற்கோளை விட்டு வெளியே வந்து இந்த வினைக்குள் ஏறிக்கொள்ளும். அதனால் "ரிக்வெஸ்டட்" போட்ட பிறகு "ப்ளீஸ்" என்று மறுபடி எழுதக் கூடாது.

"லெட் அஸ் கோ டு முட்டம்" என்றால் வாங்க போவோம் என்கிற யோசனை. "ஹி சஜஸ்டட் தட் தே ஷுட் கோ டு முட்டம்." இங்கே "சஜஸ்டட் மீ டு கோ" என்று எழுதிவிடுவார்கள், "சஜஸ்ட்" அந்த அமைப்பை ஏற்காது.

வியப்பு வாக்கியங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. "வாட் எ பியூட்டிஃபுல் சன்செட்!" என்பதை "ஷி எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய் தட் இட் வாஸ் எ வெரி பியூட்டிஃபுல் சன்செட்" என்று எழுத வேண்டும். சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு வந்து இப்படிப் பேசிய மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. "ஹுர்ரே", "அலாஸ்" எல்லாம் கேள்வித்தாளில் மட்டுமே உயிர் வாழ்கிற சொற்கள். இருந்தாலும் மார்க் உண்டு: சந்தோஷம் என்றால் "வித் ஜாய்", துக்கம் என்றால் "வித் சாரோ", "வாட் எ" போய் "வெரி" வரும். இரண்டு நிமிடத்தில் படித்து முடிக்கட்டும்.

நீளமான உரையாடலைக் கொடுத்தால் ஒவ்வொரு வரிக்கும் "ஹி செட்", "ஷி செட்" என்று அடுக்காமல் "ஆடட் தட்", "ரிப்ளைட் தட்" என்று கோர்க்கச் சொல்லுங்கள். "குட் மார்னிங்" என்று சொன்னதற்கு "விஷ்ட்" அல்லது "கிரீட்டட்", "தேங்க் யூ" என்றதற்கு "தேங்க்ட்" போதும். சொன்ன சொல் முக்கியமில்லை, செய்த காரியம் முக்கியம்.

பாடத்தில் இல்லாத ஒன்று, ஆசையால் சொல்கிறேன். மேலே மகள் பாட்டியிடம் "அனுப்பியாச்சாம்" என்றாள் அல்லவா? அந்த "-ஆம்" ஒரே அசையில் ஒரு முழு இன்டைரக்ட் ஸ்பீச். "ரேஷன்ல நாளைக்கு அரிசி குடுப்பாவளாம்" என்றால், நான் சொல்லவில்லை, யாரோ சொன்னார்கள், நிஜமா என்பதற்கு நான் பொறுப்பில்லை – இத்தனையும் அந்த "ஆம்"க்குள் இருக்கிறது. இங்கிலீஷில் இதற்கு நேரான ஒட்டு கிடையாது. "தே சே", "ஐ ஹியர்", "இட் இஸ் செட் தட்" என்று ஒரு துண்டு வாக்கியமே தேவைப்படும். பிள்ளை "-ஆம்" வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்ல முயலும்போது அந்தத் துண்டை விட்டுவிட்டால், கேள்விப்பட்ட வதந்தி உறுதிச் செய்தியாக மாறிவிடும். பேசும்போது கவனிக்க வேண்டிய இடம்.

இனி வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பயிற்சிப் புத்தகம் வேண்டாம். தினமும் ஒரு போன் வரத்தானே செய்யும்? பேசி முடித்ததும், "யாரு, என்ன சொன்னாவ?" என்று கேளுங்கள். அவள் வழக்கம்போல "-ன்னு சொன்னாவ" என்று சொல்வாள். "அதை நியூஸ்ல வாசிக்கிற மாதிரி சொல்லு மக்ளே" என்று கேளுங்கள். "வருவதாக", "அனுப்பியதாக" என்று மாற்றிச் சொல்வாள், முதல் இரண்டு நாள் சிரிப்பாள். அதற்கப்புறம் அதையே இங்கிலீஷில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதில் நீங்கள் பார்க்க வேண்டியது நாலு இடம்தான்: மேற்கோள் குறி போயிருக்கிறதா, "ஐ"யும் "யூ"வும் சரியான ஆளைப் பிடித்திருக்கிறதா, "வில்"லும் "இஸ்"ஸும் பின்னுக்குப் போயிருக்கிறதா, கேள்வியாக இருந்தால் கேள்விக்குறி இல்லாமல் முற்றுப்புள்ளி இருக்கிறதா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், இதைச் சரிபார்த்துவிடலாம்.

இன்றைக்கே சோதிக்க ஒரு வாக்கியம் தருகிறேன். "பாட்டி செட் டு ஹெர், 'வென் டிட் யுவர் ஃபாதர் கால் யூ?'" மேலே சொன்னதில் பாதி இதற்குள் வந்துவிடும். விடை: "பாட்டி ஆஸ்க்ட் ஹெர் வென் ஹெர் ஃபாதர் ஹேட் கால்ட் ஹெர்." மூன்று "ஹெர்" வருகிறதே, தப்பா என்று கண்டிப்பாகக் கேட்பாள். தப்பில்லை. கேட்ட காதும் அவளுடையது, அப்பாவும் அவளுடையவர், போன் வந்ததும் அவளுக்குத்தான்.